கழற்றி மாட்டும் கூரை, காரை மாற்றுவது ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் வந்த பழைய கார்கள் பற்றிய கட்டுரையை எங்கள் பட்டறையில் எல்லோரும் படித்தோம். நல்ல கட்டுரை. ஆனால் ஓப்பன் காருக்குக் கெட்டியான கூரை போட்டால் அதன் அசல் தன்மை போய்விடும் என்று அதில் எழுதியிருந்ததை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் டிங்கர், ஃபைபர் வேலை செய்கிறவன். லாரி கேபின், பஸ் பம்பர் வேலைகளில்தான் பட்டறை ஓடுகிறது. ஏற்காட்டில் காபி தோட்டம் வைத்திருக்கும் ஒருவருடைய 1967 மாடல் எம்.ஜி.பி. என்ற ஓப்பன் காருக்கு ஹார்டு டாப், அதாவது கெட்டியான கூரை, செய்து மாட்டிக் கொடுத்தோம். அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

எம்.ஜி.பி. கார் 1962-இல் வெளிவந்தது. 1980 வரை இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் தயாரானது. துணி டாப் காரோடு வரும். வேண்டும் என்பவர்கள் தனியாகக் காசு கொடுத்து, கழற்றி மாட்டும் ஹார்டு டாப்பையும் வாங்கிக்கொள்ளலாம். ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஓப்பன் காருக்கும் அப்படி உண்டு. 1963-இல் வந்த மெர்சிடீஸ் 230 எஸ்.எல். காரைப் 'பகோடா' என்று கூப்பிடுவதே பகோடா எனப்படும் கிழக்காசியக் கோவில் கூரை மாதிரி இருக்கும் அதன் ஹார்டு டாப்பின் வடிவத்தை வைத்துத்தான். அந்தக் காலத்திலேயே இருந்த பொருளை இன்று மாட்டினால் அசல் தன்மை எப்படிப் போகும்?

ஏற்காட்டில் இது ஆடம்பரமும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மலையில் நாள் கணக்கில் மூடுபனி நிற்கும். ஈரத்தோடு மடித்து வைத்த துணி டாப் பூஞ்சை பிடிக்கும், தையல் இற்றுப்போகும், பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சளாகி மடிப்பில் வெடிக்கும். அங்கே இறங்கும் தண்ணீர் கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்குகிறது. அப்புறம் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பெட்டியைத் துரு தின்கிறது. இந்தக் காருக்குத் தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. கூரையும் இல்லாத வண்டியில் அந்த இரண்டு சில்களும்தான் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. அது போனால் கார் நடுவில் தொய்ந்துவிடும்.

அதனால் ஹார்டு டாப் வேலைக்கு வரும் காரில் நான் முதலில் பார்ப்பது கதவு இடைவெளியை. கதவின் பின் ஓரத்தில் இடைவெளி மேலே நெருங்கி, கீழே அகன்றிருந்தால் பாடி தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரி செய்யாமல் டாப்பை ஏற்றினால் முன்கண்ணாடி சட்டத்தோடு பொருந்தாது. கிளாம்பைப் போட்டு இழுத்து உட்கார வைத்தால் கண்ணாடியே விரிசல் விடும். தூக்குப்போசி மூடி மாதிரி அழுத்தி மூடுகிற பொருள் இல்லை இது.

அசல் டாப் இங்கே கிடைப்பது அரிது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சரக்குக் கட்டணமும் வரியும் சேர்ந்து கட்டுப்படியாகாது. காரின் மேலேயே அளவெடுத்து மோல்டு செய்து, மேல்பூச்சான ஜெல் கோட் அடித்து, கண்ணாடி இழை மேட்டும் அதை இறுக வைக்கும் ரெசினும் போட்டுப் பட்டறையில்தான் வார்த்தோம். மலைக்குளிரிலும் ஈரத்திலும் ரெசின் ஒழுங்காக இறுகாது, அதனால் கார் சேலத்துக்கு இறங்கி வந்தே ஆக வேண்டும்.

மாட்டும்போது எந்த போல்ட்டையும் முதலில் முறுக்கக் கூடாது. முன்னால் இரண்டு கிளாம்பு, கதவுக்குப் பின்னால் இரு பக்கமும் துணி டாப்பின் சட்டம் பிடிக்கும் இடங்கள், பின்னால் கொக்கி. எல்லாவற்றையும் விரலால் மட்டும் திருகி விட்டு, கதவைத் திறந்து மூடி, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். பெரும்பாடு டாப்பின் ஓரத்தில் வரும் ரப்பரில்தான். தடிமன் கூடினால் டாப் தூக்கி நிற்கும், குறைந்தால் ஒழுகும். கதவுக் கண்ணாடியின் சாய்மானத்தைக் கதவுக்குள்ளேயே திருத்திக்கொள்ளலாம். ஏற்காடு பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் இந்தக் காரின் பாடி கொஞ்சம் முறுக்கிக்கொண்டுதான் ஏறும். பக்கவாட்டு பிராக்கெட்டில் ரப்பர் வாஷர் போட்டுக் கொஞ்சம் அசைவு விட்டால்தான் ஃபைபர் வெடிக்காது. கழற்றிய டாப்பை இரண்டு பேராகத் தூக்கி, மெத்தை சுற்றிய ஸ்டாண்டில் நிறுத்தி வைக்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கார் கவிழ்ந்தால் இந்தக் கூரை யாரையும் காப்பாற்றாது. மழைக்கும் பனிக்கும்தான் இது. அந்தத் தைரியத்தில் மலையில் வேகம் கூட்டாதீர்கள்.

இப்போது விதிக்கு வருகிறேன். பதிவுச் சான்றில் உள்ள விவரம், தயாரித்தவர் முதலில் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2021-இல் வந்த விண்டேஜ் வாகன விதிகளும் 50 வயது தாண்டிய வண்டியின் சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்கின்றன. இரண்டும் நியாயமான விதிகள்தான். ஆனால் எங்கள் வாடிக்கையாளரிடம் ஒரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் டாப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார்கள். இன்னொரு தடவை, மாற்றம் என்று பதிவு செய்யச் சொன்னார்கள். அந்தக் காரில் நாங்கள் ஒரு துளைகூடப் போடவில்லை, ஒரு புள்ளிகூட வெல்டிங் வைக்கவில்லை. கம்பெனி விட்ட துளைகளில்தான் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. ஸ்பேனரை எடுத்துக் கழற்றினால் 1967-இல் வந்த அதே கார்.

பாடியை வெட்டி நிரந்தரக் கூரை வெல்டிங் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அதைத் தடுக்கட்டும், நானே வரவேற்பேன். அதையும் இதையும் ஒன்றாகப் பார்க்க வேண்டாம் என்றுதான் கேட்கிறேன். அசல் துளைகளில் மாட்டி, கருவியால் கழற்றக்கூடிய டாப் ஒரு துணைப்பொருள் மட்டுமே என்று போக்குவரத்துத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். உங்கள் நாளிதழ் இதை அதிகாரிகளிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஃபைபர் பட்டறைக்காரர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.