சாவி கிடைத்த பிறகும் ஒரு துணை வேண்டும்

சிங்கப்பூரின் இந்து ஆலய நிர்வாகக் குழுவினருக்கும் தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நம் கோயில்களில் அன்னதானம் நடக்கிறது. தீபாவளி வந்தால் வசதி குறைந்த முதியவர்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் என்று பை போகிறது. அந்த உதவியை நம்பி எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் அடுப்பே இல்லாத ஒருவர் அந்த அரிசியை எங்கே கொண்டுபோய் வைப்பார்? வீடில்லாத முதியவர்களுக்கு வீடு கிடைக்கும்வரையும் கிடைத்த பின்பும் கூடவே நிற்க ஓர் ஆள் தேவை. அந்த ஆளை நீங்கள் தர முடியும் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளியைச் சேர்ந்த இங் கொக் ஹோ 2019-ல் நாடு முழுக்கக் கணக்கெடுத்தபோது, தெருவில் உறங்குவோர் 921 முதல் 1,050 பேர்வரை இருப்பார்கள் என்று தெரியவந்தது. பெரும்பாலோர் ஆண்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் வேலை பார்ப்பவர்கள். 2021-ல் மறுபடி எண்ணினார்கள். தெருவில் இருந்தவர்கள் 616 ஆகக் குறைந்திருந்தார்கள், ஆனால் தற்காலிகத் தங்குமிடங்களில் 420 பேர் இருந்தார்கள். கூட்டிப் பாருங்கள், ஏறக்குறைய அதே ஆயிரம். படுக்க இடம் கிடைத்தது பெரிய விஷயம்தான். அங்கிருந்து சொந்தமாக ஒரு கதவுக்குள் போவது இன்னொரு பயணம்.

அந்தப் பயணத்தில் எங்கே சிக்குகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், உணவங்காடியில் தட்டு எடுக்கும் வேலை. மணவிலக்கில் வீடு விற்றுப்போனது. கொஞ்ச காலம் மகன் வீடு, அப்புறம் நண்பரின் கூடம், கடைசியில் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் திறந்து கிடக்கும் வாய்ட் டெக். அரசாங்க வாடகை வீட்டுக்கு மனுப்போட உட்கார்ந்தபோது, "பிள்ளைகளோடு இருக்க முடியாதா?" என்று கேட்டார்கள். "மகன் நல்லா இருக்கான், ஒரு குறையும் இல்லை" என்று சொல்லிவிட்டார். மருமகள் இவர் முன்னால் தட்டை வீசி எறிந்த கதையை அந்நியரிடம் எப்படிச் சொல்வார்? கேட்டவர் மேல் தப்பில்லை. அவரை அறிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து, "ஐயா, நடந்ததைச் சொல்லுங்க, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லியிருந்தால் போதும்.

விதிகளும் அப்படித்தான். வீட்டை விற்று 30 மாதம் ஆகாதவருக்குப் பொதுவாக வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாடகை வீடு கிடைக்காது. கஷ்ட நிலையில் இருப்பவர்களுக்கு விலக்குக் கொடுப்பார்கள், ஆனால் நிலைமையை எடுத்துச்சொல்ல ஆள் வேண்டும். வருமானம் மிகக் குறைந்தவருக்கு ஓரறை வீட்டின் மாத வாடகை 26 வெள்ளியில் தொடங்குகிறது. தட்டு எடுத்துப் பிழைக்கும் ஒருவர் வெளியில் ஓர் அறை எடுக்கக் கனவிலும் முடியாது. ஆக, அந்த ஓரறை வீடுதான் அவருக்கு உள்ள ஒரே வழி.

பெரியவருக்கு வீடு கிடைத்தது. தனியாள் என்பதால் இன்னொரு தனியாளோடு சேர்ந்து. இவர் விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர், அவர் நடுநிசிவரை தொலைக்காட்சி பார்க்கிறவர். இவருக்குச் சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்ற வேண்டும், அவருக்கு அந்தப் புகை ஆகாது. குளிர்பெட்டி மேல் பிரிக்காத கடிதங்கள் கிடந்தன, எல்லாம் ஆங்கிலத்தில். வாடகை பாக்கி, மின்கட்டணம், மருத்துவமனைத் தேதி. ஒன்றும் அவருக்குப் படிக்க வராது, யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. ஒரு சண்டைக்குப் பிறகு பையைத் தூக்கிக்கொண்டு மறுபடி வாய்ட் டெக்குக்கே போய்விட்டார். சாவி சட்டைப்பையிலேயே இருந்தது. அந்தக் கடிதங்களைப் பிரித்துப் படித்துச் சொல்ல ஒருவர் வாராவாரம் வந்திருந்தால் அவர் அந்த வீட்டிலேயே இருந்திருப்பார். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2021 இறுதியில் தொடங்கிய முன்னோடித் திட்டத்தில், வீட்டைப் பகிர்ந்துகொள்ள ஆளைத் தேடிக்கொண்டு வராமல் தனியாகவே மனுப்போடலாம். ஒத்துப்போகக்கூடியவர்களைச் சேர்த்துவைக்கும் வேலையை ஓர் அமைப்பு பார்த்துக்கொள்கிறது. ஆளுக்கு ஓர் அறை, குளியலறையும் சமையலறையும் பொது என்ற ஏற்பாடும் வந்திருக்கிறது. என்னைக் கேட்டால் வயதானவர்களுக்கு இந்த இரண்டாவதுதான் சரி. எழுபது வயதில் ஒரு மனிதருக்குக் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை வேண்டும். ஆனால் எந்தத் திட்டமானாலும் அதை நடத்தும் சமூக ஊழியர்களின் கையில் ஏகப்பட்ட பேர். தமிழில் மனம்விட்டுப் பேச அவர்களில் எல்லாராலும் முடிவதில்லை.

இங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். உங்கள் தொண்டூழியர்களில் நாலைந்து பேரை இதற்கென்றே ஒதுக்குங்கள். அன்னதானம் முடிந்தும் கோயில் சாத்தும்வரை பெரிய பையோடு உட்கார்ந்திருப்பவரிடம், "சாப்பிட்டீங்களா, ராத்திரி எங்க படுப்பீங்க?" என்று கேட்கட்டும். குடும்பச் சேவை நிலையத்துக்கோ சமூகச் சேவை அலுவலகத்துக்கோ கூடப் போகட்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் காம்கேர் என்ற அரசாங்க உதவித் திட்டத்தின் எண் 1800-222-0000 இருக்கிறது. அடையாள அட்டையும் மருந்துச்சீட்டும் தொலையாமல் இருக்கக் கோயிலில் பூட்டும் பெட்டி ஒன்று கொடுத்தாலே எவ்வளவோ அலைச்சல் மிச்சம். வீடு கிடைத்த பின் குறைந்தது ஓராண்டு அதே ஆள் போய்வரட்டும். ஆளை மாற்றாதீர்கள். ஒருவரிடம் சொன்ன குடும்பக் கதையை இன்னொருவரிடம் மறுபடி சொல்ல இவர்களால் முடியாது.

தீபாவளிப் பைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை மெத்தை, மின்விசிறி, அடுப்பு வாங்கவும், திடீரென விழும் வாடகை பாக்கியை அடைக்கவும் வைத்துக்கொள்ளலாமா என்று அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் பேசுங்கள். ஒவ்வொரு கோயிலும் தனியாகச் செய்வதைவிட, ஒரே வட்டாரத்தில் இருக்கும் இரண்டு மூன்று கோயில்களும் அமைப்புகளும் சேர்ந்தால் நல்லது. எந்த வட்டாரத்தில் முதலில் தொடங்குவதாக இருந்தாலும் தொண்டூழியர் பட்டியலில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தேக்கா வட்டாரத் தொண்டூழியர் ஒருவர்