ஒன்பதாம் வகுப்புக் கல்விச் சுற்றுலா: மன்றோ துருத்துக்குப் படகில் போவது பற்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்து, ஜனவரி கடைசி வாரத்தில், நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேரளத்தில் கொல்லத்துக்குப் பக்கத்தில் அஷ்டமுடிக் காயலில் (கடலோடு சேரும் உப்பங்கழி) இருக்கும் மன்றோ துருத்து என்ற தீவுக் கிராமத்துக்குக் கூட்டிப்போகிறோம். வெள்ளிக்கிழமை முற்பகல் மதுரையில் ரயில் ஏறுகிறோம். சனிக்கிழமை முழுக்கத் தீவில். ஞாயிற்றுக்கிழமை இரவு ஊர் திரும்பிவிடுவோம். கல்வி அலுவலகத்தின் அனுமதி கிடைத்துவிட்டது.

சென்ற வாரக் கூட்டத்தில் ஒரு அப்பா எழுந்து, "கிராமத்தைக் காட்டவா இம்புட்டுத் தூரம் போறீங்க டீச்சர்? நம்ம சோழவந்தானே கிராமந்தானே!" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். கொடைக்கானல் போகலாம், நீர் விளையாட்டுப் பூங்கா போகலாம் என்று வேறு சிலர் சொன்னீர்கள். அன்றைக்கு மணியடித்துவிட்டதால் பதில் சொல்ல முடியவில்லை. கேட்டது நியாயமான கேள்விதான் என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்பது மேலேயிருந்து வருவது. அணையில் திறந்துவிட்டார்களா, வைகைப் பேரணைக்கு வந்து சேர்ந்ததா, நம் வாய்க்காலுக்கு எப்போது முறை என்று வீட்டில் பேசுவதைக் கேட்டே வளர்கிறார்கள். மேற்கே அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தார்கள். நாம் இரண்டு போகம் பற்றிப் பேசுவதே அதனால்தான். அந்த அணையைக் கட்டிய பென்னிகுவிக் யார் என்று இந்தப் பக்கத்தில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அணை கட்டினால் ஊர் செழிக்கும் என்பது நமக்குப் பாடமும் இல்லை, கதையும் இல்லை, வயலில் கண்ணால் பார்ப்பது.

மன்றோ துருத்தில் அணை என்றால் வேறு கதை சொல்வார்கள், அது வேறொரு அணை. அந்தத் தீவு கல்லடையாற்றின் கடைமடை. ஆறு காயலில் வந்து விழுகிற இடத்தில், மலையிலிருந்து காலங்காலமாக அடித்துக்கொண்டு வந்த வண்டல் சேர்ந்து உண்டான நிலம் அது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் புது மண் வந்து படியும், நிலம் கொஞ்சம் உயரும், தென்னையும் நெல்லும் விளையும். 1980களில் மேலே தென்மலையில் கல்லடை அணை வந்தது. கொல்லம் மாவட்டத்தில் பல ஊர்களுக்குப் பாசனம் கிடைத்தது, பொய்யில்லை. ஆனால் வண்டல் அணைக்குப் பின்னால் தங்கிவிட்டது. தீவுக்கு வருகிற புது மண் குறைந்துபோனது. இப்போது கடல் ஏற்றத்தின்போது உப்புத் தண்ணீர் வீட்டு முற்றத்துக்கே வந்துவிடுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் அதிகம். சில வீடுகள் மண்ணில் இறங்கி, ஜன்னல் தரையோடு தரையாக நிற்கின்றன. வீட்டை விட்டுவிட்டு வெளியூர் போனவர்களும் உண்டு. அணை ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆற்றில் மணல் அள்ளியது, 2004 சுனாமி, கடல் மட்டம் உயர்வது என்று ஆய்வாளர்கள் பலவற்றைச் சொல்கிறார்கள். எது எவ்வளவு என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. பிள்ளைகள் நேரில் பார்த்துவிட்டு வந்து, சமூக அறிவியல் வகுப்பில் ஒருவரோடொருவர் சண்டை போடட்டும் என்றுதான் விட்டிருக்கிறோம்.

வாய்க்காலின் தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் ஒரே தண்ணீரைப் பற்றி ஒரே மாதிரிப் பேசுவதில்லை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அது ஒரு மாநிலம் தாண்டியும் அப்படித்தான் என்று பிள்ளைகள் காதால் கேட்க வேண்டும். பூங்காவில் சறுக்கி விளையாட இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது.

ரயில் பாதையும் இதற்கென்றே போட்டதுபோல் அமைந்திருக்கிறது. ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வரை நமக்குத் தெரிந்த நிலம். அதன்பிறகு மலை. 1904இல் மீட்டர் கேஜாகத் திறந்த இந்தப் பாதை, அகலப்பாதையாக மாற்றுவதற்காகப் பல ஆண்டுகள் மூடிக்கிடந்து 2018இல் மறுபடி திறந்தது. கழுதுருட்டிப் பக்கம் கல்லால் கட்டிய பதின்மூன்று கண் பாலம் வரும். அதைப் பார்க்க ஜன்னலுக்குத் தள்ளுமுள்ளு நடக்கும் என்று தெரிந்தே, இருக்கைகளை முறைபோட்டு மாற்றச் சொல்லியிருக்கிறேன். அடுத்துத் தென்மலை, அணை இருக்கிற ஊர். பிறகு புனலூர். அங்கே கல்லடையாற்றின் குறுக்கே 1877இல் கட்டிய தொங்குபாலம் இருக்கிறது, ஊருக்குள் இறங்கிப் பார்க்க நேரமிருக்காது. அணையிலிருந்து கடைமடை வரை ஒரே ஆற்றோடு இறங்கிப் போகிறோம் என்பதைப் புவியியல் ஆசிரியர் வரைபடத்தில் முதலிலேயே காட்டிவிடுவார்.

அஷ்டமுடி கேரளத்தில் வேம்பநாட்டுக்கு அடுத்த பெரிய காயல். எட்டுக் கைகளாகப் பிரிந்து கிடக்கும். நீண்டகரையில் கடலோடு சேர்கிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2002இல் இடம்பெற்றது. தீவுக்குப் பெயர் தந்தவர் கர்னல் ஜான் மன்றோ, 1810களில் திருவிதாங்கூரில் ஆங்கிலேய ரெசிடெண்டாகவும் (கம்பெனி ஆட்சியின் பிரதிநிதி) சில காலம் திவானாகவும் இருந்தவர். சென்னையில் குதிரைமேல் சிலையாக இருக்கும் மன்றோ வேறு, அவர் தாமஸ். பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள், வீட்டில் கேட்டால் திருத்திவிடுங்கள்.

சனிக்கிழமை விடிந்ததும் கொல்லம் படகுத்துறையிலிருந்து பெரிய படகில் காயலைக் கடந்து தீவின் ஓரத்துக்குப் போவோம். அங்கிருந்து உள்ளே பெரிய படகு போகாது. வள்ளம்தான். மோட்டார் கிடையாது, ஒருவர் பின்னால் நின்று மூங்கில் கழியை ஊன்றித் தள்ளுவார். ஓடைகள் இரண்டு பக்கமும் கையெட்டும் அகலம்தான். வீடுகளுக்கு முன்னால் நாம் சைக்கிள் நிறுத்துகிற மாதிரி வள்ளங்களைக் கட்டியிருப்பார்கள். இறால் வளர்க்கும் குட்டைகள், சீன வலைகள், தேங்காய்மட்டை ஊறப்போட்ட மூலைகள் எல்லாம் பார்க்கலாம். நம் தோப்புகளில் மட்டையை லாரிக்காரர் ஏற்றிப்போவதோடு சரி. அங்கே அதைக் காயல் நீரில் மாதக்கணக்கில் அழுக விட்டு, அடித்து நாராக்கி, ராட்டையில் கயிறு திரிப்பார்கள். இப்போது அந்தத் தொழில் செய்வோர் மிகக் குறைவு. மட்டை ஊறும் இடத்தில் அழுகின முட்டை வாடை வரும். மூக்கைப் பொத்திக்கொண்டு முகம் சுளிக்காமல் இருக்கப் பிள்ளைகளிடம் நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அது அவர்கள் வீட்டு வாசல்.

இனி படகு பற்றி. கூட்டம் முடிந்து வெளியே நின்று அம்மாக்கள் கேட்டது எல்லாம் இதுதான், சரியாகத்தான் கேட்டீர்கள்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். நமக்குப் பக்கத்து மலை என்பதால் பலருக்கும் நினைவிருக்கும். கரையில் விலங்கைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கமாக ஒதுங்கினார்கள் என்று அப்போதே பேசப்பட்டது. 2024 ஜனவரி 18 அன்று வடோதராவில் ஏரிக்குச் சுற்றுலா வந்த பள்ளிப் படகு கவிழ்ந்து 12 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் போனார்கள். அளவுக்கு மேல் ஏற்றியிருந்தார்கள், எல்லாருக்கும் மிதவைச் சட்டை இல்லை. இவற்றை மறைத்துவிட்டு உங்களிடம் கையெழுத்து வாங்க எனக்கு மனமில்லை. இரண்டிலும் தண்ணீரோ ஆழமோ மட்டும் குற்றவாளி இல்லை என்பதையும் கவனியுங்கள்.

அதனால் நம் உடற்கல்வி ஆசிரியர் முன்கூட்டியே போய்ப் படகையும் வள்ளங்களையும் பார்த்துவிட்டு வந்தார். எத்தனை பேர் ஏறலாம் என்று படகில் எழுதியிருக்கும். அதற்கும் கணிசமாகக் குறைவாகத்தான் ஏற்றுவோம். மேல்தளத்துக்கு யாருக்கும் அனுமதி இல்லை. ஒவ்வொரு வள்ளத்திலும் ஓர் ஆசிரியர் இருப்பார். மிதவைச் சட்டை போடாத பிள்ளை கரையிலேயே நிற்கும், அது யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும். சட்டையைப் போட்டால் மட்டும் போதாது. தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். சட்டை தாடையைத் தாண்டி மேலே ஏறினால் அளவு பெரிது, தண்ணீரில் விழுந்தால் தலை வழியாகக் கழன்றுவிடும். போன வாரம் பள்ளி மைதானத்தில் ஒரு சட்டையை வைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைச் செய்துகாட்டினோம். ஒல்லியான பிள்ளைகளுக்குச் சிறிய அளவு தனியாகக் கேட்டு வாங்கியிருக்கிறோம்.

ஓடைகளின் மேல் குட்டிக் குட்டிப் பாலங்கள் உண்டு. வள்ளம் அடியில் நுழையும்போது தலையை முழங்கால் வரை குனிய வேண்டும், அது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கொண்டாட்டத்தில் கையை விளிம்பில் வைத்தால் விரல் பாலத்துக்கும் வள்ளத்துக்கும் நடுவில் நசுங்கும். "கை மடியில்" என்று ஆசிரியர் சொன்னால் கை மடியில். எழுந்து நிற்பது, பக்கத்து வள்ளத்துக்குத் தண்ணீர் இறைப்பது, இரண்டும் கூடாது. கைப்பேசி ஊரிலேயே இருக்கட்டும். படம் எடுக்க எழுந்து நிற்பதைத் தடுக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. படங்கள் ஆசிரியர்கள் எடுப்பார்கள். சாய்ந்த வீடுகளைப் படம் எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

சம்மதக் கடிதத்தில் நீச்சல் தெரியுமா என்று ஒரு வரி இருக்கிறது. பெருமைக்காக ஆமாம் என்று எழுத வேண்டாம். கிணற்றில் முதுகில் சுரைக்காய் கட்டிப் பழகியதும் நீச்சல்தான், அதையும் அப்படியே எழுதுங்கள். தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் சட்டை உண்டு. வலிப்பு, இளைப்பு, படகில் வாந்தி வரும் பழக்கம் எதுவாயினும் மறைக்காமல் எழுதுங்கள். என்னையும் கூட வரும் ஆசிரியரையும் தவிர யாரும் படிக்க மாட்டார்கள். பெண் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு: அந்த நாளில் மாதவிலக்கு வந்துவிடும் என்று பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள். மூன்று ஆசிரியைகள் கூட வருகிறார்கள், தேவையானது எல்லாம் எங்களிடம் இருக்கும். படகுப் பயணம் கொல்லத்தில் தங்குமிடத்திலிருந்து அரை நாள்தான்.

சாப்பாடு பற்றி இரண்டே வரி. மட்டை அரிசி என்ற கேரளத்துச் சிவப்பரிசிச் சோறு தடிமனாக இருக்கும், கூட மரவள்ளிக் கிழங்கும் மீன் குழம்பும். மீன் சாப்பிடாதவர்களுக்குத் தனியாகச் சொல்லியிருக்கிறோம். குடிக்க இளஞ்சிவப்பாகச் சுடுதண்ணீர் தருவார்கள், பதிமுகம் என்ற மரச்சீவல் போட்டுக் காய்ச்சியது. சாயத் தண்ணீர் என்று பயந்து குடிக்காமல் இருந்துவிடப் போகிறார்கள்.

ஒரு பிள்ளைக்கு 1,800 ரூபாய். ரயிலில் மாணவர் சலுகைக்கு விண்ணப்பித்திருக்கிறோம், கிடைத்தால் மிச்சத்தைத் திருப்பித் தருவோம். கைச்செலவுக்கு 200 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டாம். சிலர் ஐந்நூறும் சிலர் ஐம்பதும் கொண்டுவந்தால் கடையில் நின்று பார்க்க எனக்கே சங்கடமாக இருக்கும். பணம் கட்ட முடியாதவர்கள் வகுப்பாசிரியரிடம்கூடச் சொல்ல வேண்டாம், நேரே என் அறைக்கு வாருங்கள். பழைய மாணவர்கள் சிலர் அதற்கென்று பணம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். யார் பணத்தில் யார் வருகிறார் என்பது பிள்ளைக்கும் தெரியாது.

மாற்றுத்துணி ஒரு செட் கூடுதலாக, துண்டு, செருப்பு போதும், ஷூ வேண்டாம். தின்பண்டத்தை எவர்சில்வர் டப்பாவில் கொடுத்தனுப்புங்கள். சிப்ஸ் பாக்கெட்டோடு வந்தால் பாக்கெட்டைக் கொல்லத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வேன்.

கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் ஆதார் நகலும் வரும் வெள்ளிக்கிழமைக்குள் பள்ளி அலுவலகத்துக்கு வர வேண்டும். அப்பா வெளியூரில் இருந்தால் அம்மா கையெழுத்தே போதும், தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகளுக்கு அவர்கள் கையெழுத்துப் போடலாம். ஞாயிறு இரவு மதுரை ஸ்டேஷனிலிருந்து பள்ளிக்கு வேன் ஏற்பாடு செய்திருக்கிறோம். ரயில் தாமதமானால் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சொல்லுவோம். பள்ளி வாசலில் நீங்களோ நீங்கள் எழுதிக்கொடுத்தவரோ வந்தால்தான் பிள்ளையை அனுப்புவோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்