செயலாளரின் ஆண்டறிக்கை: தூரத்தில் இருப்பவர்களும் சேர்ந்து முடிவெடுக்க

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வெளியூர்களிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள், லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைக் கணினிகளில் நிறுவும் முகாம்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கான பைத்தான் நிரலாக்க வகுப்பு எல்லாம் வழக்கம்போல நடந்தன. விவரம் மினிட் புத்தகத்தில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு சங்கத்தில் பெரிதாக மாறியது நாம் முடிவெடுக்கும் முறைதான் என்பதால், அறிக்கையின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

மாற்றத்துக்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். கோரம், அதாவது முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை, இல்லாமல் கூட்டங்கள் தள்ளிப்போயின. உறுப்பினர்களில் பலர் வேலைக்காகப் பெங்களூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள். ஏற்காட்டு உறுப்பினர்கள் அஸ்தம்பட்டியில் மாலைக் கூட்டம் முடிந்தபின் இருட்டில் இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வீடு போய்ச் சேர வேண்டும். கூட்டத்துக்கு வந்தவர் கை தூக்குவது மட்டுமே முடிவு என்றால், டவுனுக்குள் குடியிருப்பவர்கள் மட்டும்தான் சங்கம் என்று ஆகிவிடும். சந்தா கட்டுகிற எல்லோருக்கும் சங்கம் சொந்தம் என்பதை நான் முழுமையாக நம்புகிறேன்.

நாம் தினமும் பயன்படுத்தும் மென்பொருள்களை உருவாக்குகிறவர்கள் ஒரே ஹாலில் கூடுகிறவர்கள் அல்ல. பல நாடுகளில் இருந்துகொண்டே முன்மொழிகிறார்கள், விவாதிக்கிறார்கள், வாக்களிக்கிறார்கள். அதை எப்படிச் செய்கிறார்கள் என்று ஆண்டு முழுக்கப் படித்தோம்.

நமக்கு அதிகம் உதவியது, லினக்ஸ் சார்ந்த இயங்குதளம் ஒன்றைத் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் டெபியன் திட்டம். 1993இல் தொடங்கிய இந்தத் திட்டத்துக்கு 1998 முதல் எழுதப்பட்ட அரசியலமைப்பே இருக்கிறது. ஒருவர் தீர்மானம் கொண்டுவந்தால் அதை வழிமொழிய வேறு சிலர் வேண்டும். அதிகபட்சம் ஐந்து பேர் போதும். பிறகு விவாதம். அதற்குள் யார் வேண்டுமானாலும், தகுந்த ஆதரவோடு, மாற்றுத் தீர்மானத்தை வைக்கலாம். வாக்குச்சீட்டில் எல்லாம் சேர்ந்து வரும். கூடவே ‘இவற்றில் எதுவும் வேண்டாம்’ என்ற வரியும் எப்போதும் இருக்கும். வாக்காளர் ஒன்றை மட்டும் டிக் அடிப்பதில்லை. 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுகிறார். எண்ணும்போது ஒவ்வொரு தேர்வையும் மற்ற ஒவ்வொன்றோடும் தனித்தனியாக மோதவிட்டு, யாரிடமும் தோற்காததை எடுக்கிறார்கள். ‘அ’ ‘ஆ’வையும், ‘ஆ’ ‘இ’யையும், ‘இ’ ‘அ’வையும் என்று ஒன்றை ஒன்று வட்டமாக வெல்லும் சிக்கல் வந்தால் அதைத் தீர்க்கவும் கணக்கு முறை வைத்திருக்கிறார்கள்.

இதை நாமே செய்து பார்த்தோம். மாதக் கூட்டம் எப்போது, எங்கே என்பதற்கு மூன்று யோசனைகள் இருந்தன: சனிக்கிழமை மாலை, ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு மாதம் சேலம் ஒரு மாதம் ஏற்காடு. முதல் விருப்பமாக அதிகம் பேர் எழுதியது சனிக்கிழமை மாலை. பழைய முறையில் அதுவே வென்றிருக்கும். ஆனால் இரண்டிரண்டாக வைத்துப் பார்த்தபோது ஞாயிறு காலை மற்ற இரண்டையும் வென்றது. ஏற்காட்டு உறுப்பினர்களுக்கும் பெங்களூரிலிருந்து வார இறுதியில் வருகிறவர்களுக்கும் அது இரண்டாவது விருப்பமாகவாவது இருந்தது. சனிக்கிழமையை விரும்பியவர்களிலும் பலருக்கு அதில் மனக்குறை இல்லை. அதன் பிறகு வருகை கூடியதை எல்லோரும் பார்க்கிறோம்.

டெபியனின் கோரம் கணக்கும் சிந்திக்க வைத்தது. மொத்த உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை எடுத்து, அதில் பாதியை மூன்றால் பெருக்குகிறார்கள். ஆயிரம் பேர் இருந்தால் 48 பேராவது ஒரு தேர்வை ‘எதுவும் வேண்டாம்’ என்பதற்கு மேலே வைத்திருக்க வேண்டும். நூறு பேர் இருந்தால் 15 பேர். நம் விதிப்படி மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் வர வேண்டும். சங்கம் வளர வளர அதை எட்டுவது கடினமாகிறது. வர்க்கமூலக் கணக்கில் அந்தச் சுமை மெதுவாகவே ஏறும்.

ரகசியம் பற்றியும் சொல்ல வேண்டும். டெபியனில் தலைவர் தேர்தல் தவிர்த்த வாக்கெடுப்புகளில் யார் எப்படி வாக்களித்தார் என்பது முன்பு வெளியே தெரியும். 2022இல் அவர்களே வாக்களித்து அதை மறைத்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தன் வாக்கு சரியாக எண்ணப்பட்டதா என்று ஒரு குறியீட்டைக் கொண்டு பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். நம்மைப் போல எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்த ஊரில் இது மிக அவசியம். பெரியவர் ஒருவர் முன்மொழிந்ததை எதிர்த்து இளைஞர்கள் கை தூக்கத் தயங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இப்போது எண் போட்ட துண்டுச் சீட்டு முறையில் அந்தத் தயக்கம் குறைந்திருக்கிறது.

சின்ன விஷயங்களுக்கு, பல கட்டற்ற மென்பொருள் திட்டங்களை நடத்தும் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் வழக்கத்தை எடுத்துக்கொண்டோம். அங்கே ஒருவர் ‘இப்படிச் செய்யப் போகிறேன்’ என்று அறிவிக்கிறார். பொதுவாக 72 மணி நேரம் யாரும் மறுக்காவிட்டால் சம்மதம் என்று பொருள். ஆதரவுக்கு +1, மறுப்புக்கு -1. நிரல் மாற்றத்தில் ஒரே ஒரு -1 கூட வேலையை நிறுத்திவிடும், ஆனால் தொழில்நுட்பக் காரணம் சொல்லியே ஆக வேண்டும். காரணம் இல்லாத மறுப்பு செல்லாது. நமக்கு 72 மணி நேரம் போதாது. மழைக்காலத்தில் ஏற்காட்டில் கரண்ட் போனால் நெட்டும் போய்விடுகிறது. ஆகவே ஒரு வாரம் என்று வைத்தோம். புரொஜெக்டர் பல்பு, முகாம் நாளின் டீ, தட்டுவடை செட் போன்ற செலவுகள் இப்படித்தான் தீர்மானமாகின்றன. கூட்டத்தில் நேரம் மிச்சமாகிறது.

இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பில் முறையான வாக்கெடுப்பே கிடையாது. கூட்டத்தில் ‘ம்ம்’ என்று ஒலி எழுப்பச் சொல்லி, எதிர்ப்பு எவ்வளவு என்று தலைமை தாங்குபவர் உணர்ந்துகொள்கிறார். அதற்குப் பின் எதிர்ப்பவர்களின் காரணத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவின் ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கத்திலும் பேசித் தீர்ப்பதற்குத்தான் முதலிடம்.

அப்புறம், பிளாக்செயினில், அதாவது பல கணினிகளில் பகிர்ந்து வைத்த பொதுப் பதிவேட்டில், உறுப்பினர் வாக்கெடுப்பால் இயங்கும் டிஏஓ அமைப்புகள் பற்றி நம் இளைய உறுப்பினர்கள் வைத்த யோசனை. அதைச் செயற்குழு இரண்டு கூட்டங்களில் அக்கறையோடு பேசியது. முன்மொழிவு, வாக்கு, பணம் போன வழி எல்லாம் யாரும் பார்க்கும்படி பதிவாவது பெரிய நன்மை. கிரிப்டோ பணத்தைக் கடன் கொடுக்க, வாங்க உதவும் காம்பவுண்ட் போன்ற அமைப்புகளில் தீர்மானம் நிறைவேறிய பிறகும் உடனே அமலாகாது. இரண்டு நாள் பூட்டி வைக்கிறார்கள். பிடிக்காதவர்கள் தங்கள் பணத்தை எடுத்துக்கொண்டு வெளியேற அந்த அவகாசம் உதவுகிறது. இதுவும் நல்ல ஏற்பாடு.

ஆனால் அங்கே பெரும்பாலும் வாக்கு ஆளுக்கு அல்ல, கையிலுள்ள டோக்கனுக்கு, அதாவது பணம் கொடுத்து வாங்கக்கூடிய டிஜிட்டல் வில்லைக்கு. 2022 ஏப்ரலில் எத்தீரியம் என்ற பிளாக்செயினில் இயங்கிய பீன்ஸ்டாக் திட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். ஒரே பரிவர்த்தனைக்குள் வாங்கித் திருப்பித் தரும் பிளாஷ் லோனாகச் சுமார் 100 கோடி டாலரை ஒருவர் எடுத்தார். அதை வைத்து மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்கு பெற்று, முந்தைய நாளே தாம் வைத்திருந்த முன்மொழிவைத் தாமே நிறைவேற்றிக்கொண்டார். திட்டத்துக்கு ஏற்பட்ட இழப்பு சுமார் 18 கோடி டாலர். முன்மொழிவு வந்த நேரத்தில் யாரிடம் எவ்வளவு இருந்ததோ அதற்கு மட்டும் வாக்கு என்று விதித்திருந்தால் அந்தக் கடன் பயன்பட்டிருக்காது. நம் சேலத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குதான். நமக்கும் அதுவே சரி என்று செயற்குழு முடிவு செய்தது. பொதுப்பதிவையும் அவகாசத்தையும் எடுத்துக்கொண்டோம், டோக்கனை எடுக்கவில்லை. பெரிய செலவுகள் இனி தீர்மானமான ஒரு வாரத்துக்குப் பிறகே நடக்கும். அறிவிப்பு நாளில் சந்தா பாக்கி இல்லாதவர்களுக்கே வாக்கு.

இன்னும் குறை இருக்கிறது. ஸ்மார்ட்போன் பழக்கம் இல்லாத மூத்த உறுப்பினர்களுக்குத் தாள் சீட்டு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். செவ்வாய்ப்பேட்டையிலும் ஏற்காட்டிலும் தலா ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்க முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இணையவழி வாக்கு இப்போதைக்கு ஆலோசனை மட்டுமே. பொதுக்குழு உறுதி செய்தால்தான் செல்லும்.

ஆகவே இன்று இரண்டு விதித் திருத்தங்கள் உங்கள் முன் வைக்கப்படுகின்றன. விருப்ப வரிசை வாக்கைச் சங்க விதியில் சேர்ப்பது ஒன்று. கோரத்தை வர்க்கமூலக் கணக்குக்கு மாற்றுவது மற்றொன்று. சீட்டில் ‘இரண்டும் வேண்டாம்’ என்ற வரியும் இருக்கிறது. மறுப்பவர்கள் காரணத்தையும் எழுதுங்கள், அடுத்த செயற்குழுவில் அவற்றுக்குப் பதில் தருவோம்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்