இசைத்தட்டைக் காட்டும்போது வயலின் யார் என்றும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கர்நாடக இசைத்தட்டுகளைத் தேடித் தேடி வாங்குகிறவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். எங்கள் ஊரிலும் அப்படி ஒரு சிறு கூட்டம் உண்டு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கூடுவோம். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய 78 சுற்று பிளேட்டு, அதற்குப் பின் வந்த நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டு, கேசட், சிடி என்று அந்த மாதம் யாருக்கு எது கிடைத்ததோ அதைக் கொண்டுவந்து காட்டுவார்கள். காப்பி வரும், பாட்டு ஓடும், பேச்சு இருட்டும்வரை போகும். அதனால் கட்டுரையில் வந்த மனிதர்கள் எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள் போலவே இருந்தார்கள்.

ஆனால் ஒரு குறை மனதை உறுத்துகிறது. உறையின் படம் இருக்கிறது, லேபிளின் படம் இருக்கிறது, எங்கே வாங்கினார், என்ன விலை கொடுத்தார் என்பதெல்லாம் இருக்கிறது. வயலின் வாசித்தது யார், மிருதங்கம் யார் என்று ஓர் இடத்தில்கூட இல்லை. கட்டுரையாளரை மட்டும் சொல்லிப் பயனில்லை. சேகரிக்கும் நாங்களே அப்படித்தான் பேசிக்கொள்கிறோம். "எங்கே பிடிச்சீங்க? எவ்வளவு? கீறல் இருக்கா?" இந்த மூன்று கேள்வியோடு தட்டு உறைக்குள் போய்விடுகிறது.

இந்த அலட்சியம் இசைத்தட்டு வந்த காலத்திலேயே தொடங்கியது. 1902-இல் கிராமபோன் கம்பெனிக்காக ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் அந்த அம்மாள் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வது இன்றும் அந்தத் தட்டுகளில் கேட்கிறது. பதிவுகள் ஜெர்மனியில் ஹனோவருக்குப் போய்த்தான் தட்டாகும். அங்கே லேபிள் எழுதுகிறவருக்குப் பெயர் தவறிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு என்பார்கள். பாடியவர் பெயர் பிழைத்தது. பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர் பெயரை யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நம் பக்கத்தில் வந்த எத்தனையோ 78 சுற்றுத் தட்டுகளிலும் பாட்டு, ராகம், பாடியவர் பெயரோடு லேபிள் முடிந்துவிடும். ஆண்டு கிடையாது. தட்டின் எண்ணையும், லேபிளை ஒட்டிய வழுவழுப்பான வளையத்தில் பொடியாகப் பொறித்திருக்கும் பதிவு எண்ணையும் வைத்துத்தான் காலத்தைக் கணிக்க வேண்டும். அந்தப் பொடி எண்ணைப் படம் எடுத்துப் போட்டவர் சென்ற இதழில் ஒருவர்கூட இல்லை.

பெயர் தெரிந்தால் பாட்டு மாறிவிடுமா என்று கேட்கலாம். கேட்பது மாறும். 1926-இல் பத்து வயதில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய "மரகத வடிவும் செங்கதிர் வேலும்" தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய குரல் ஒன்று பயமில்லாமல் மேலே போகிறது. கூடவே ஒரு வீணை. அதை வாசித்தது தாயார் சண்முகவடிவு என்று தெரிந்தபின் அந்த வீணையை விட்டுக் காதை எடுக்க முடியவில்லை. அந்த ஒரு செய்தி எப்படியோ காப்பாற்றப்பட்டு நம் கைக்கு வந்துவிட்டது. மற்ற தட்டுகளில் வாசித்தவர்களும் யாரோ ஒருவருக்குத் தாயும் தகப்பனும் குருவும்தானே?

இன்னொன்று, இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, சுழலும் வேகம். 78 சுற்று என்று பெயர் இருந்தாலும் ஆரம்பகாலத் தட்டுகள் எல்லாமே சரியாக 78-இல் பதிவானவை அல்ல. கொஞ்சம் குறைவாகவும் இருக்கும், கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கும். நிமிடத்துக்கு நான்கைந்து சுற்று வித்தியாசம் வந்தாலே சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை, அதாவது ஹார்மோனியத்தில் அடுத்த கட்டைக்கு, நகர்ந்துவிடும், காலப்பிரமாணமும் (பாட்டு ஓடும் வேகமும்) கூடவே மாறும். நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவை நினைத்துப் பாருங்கள். 1933-இல், முப்பது வயதுகூட ஆகாமல் போய்விட்டார். ஐந்து கட்டைக்கு மேல், அதாவது மிக உயர்ந்த சுருதியில், அநாயாசமாகப் பாடுவார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நேரில் கேட்டவர்கள் இன்று இல்லை. நமக்கு அவர் என்றால் தட்டுதான். அதைத் தவறான வேகத்தில் ஓட்டிப் பதிவு செய்து நாலு பேருக்கு அனுப்பினால், அவர் பாடாத ஒரு சுருதியை அவர் தலையில் கட்டுகிறோம் என்று அர்த்தம்.

எங்கள் கூட்டத்தில் ஒரு நண்பர் கிட்டப்பா தட்டு ஒன்றைக் கொண்டுவந்தபோது மாலை முழுவதும் இதற்கே போயிற்று. வேகத்தைத் திருகி மாற்றக்கூடிய பிளேயரில் வைத்து, பக்கத்தில் சுருதிப்பெட்டியை ஒலிக்கவிட்டோம். 78-இல் ஒருமுறை, 76-இல் ஒருமுறை, 74-இல் ஒருமுறை. 78-இல் பிருகாக்கள் (வேகமான ஸ்வர உருட்டல்கள்) மின்னலாகப் பறந்தன. ஆனால் சொற்கள் கொஞ்சம் கீச்சென்று விழுந்தன. 74-இல் குரல் தடித்து, ஹார்மோனியம் சோர்ந்துவிட்டது. 76-க்குப் பக்கத்தில் வந்தபோது "இதுதான்" என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். மூன்றாவது நண்பர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. சரி, முடிவு எதுவாக இருந்தாலும், எந்த வேகத்தில் ஓட்டினோம் என்று எழுதி வைத்தோம். அடுத்தவர் சரிபார்க்க அது போதும்.

நாகஸ்வரத் தட்டுகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். முன்பு வாசித்தது திமிரி என்கிற குட்டையான, உச்ச சுருதி நாகஸ்வரம். நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பாரி என்கிற நீளமான நாகஸ்வரத்தைக் கையில் எடுத்தபின் சுருதியே கீழே இறங்கிவிட்டது. வேகம் குறிக்காத ஒரு பதிவை வைத்துக்கொண்டு இது எந்த நாகஸ்வரம் என்று புதிதாகக் கேட்கிறவர் எப்படிச் சொல்வார்?

புதிதாக வாங்குகிறவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. 78 சுற்றுத் தட்டு அரக்கால் ஆனது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் கரைந்துவிடும். எல்.பி.க்கு உள்ள ஊசியையும் அதில் வைக்காதீர்கள். 78-இன் தடம் அகலமானது, அதற்குத் தனி ஊசி வேண்டும்.

இப்போது கைப்பேசியிலேயே எல்லாம் கிடைக்கிறதே, பிறகு தட்டும் கேசட்டும் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அங்கே வயலின்காரர் பெயர் பல நேரம் சுத்தமாகக் காணாமல் போய்விடுகிறது. கேசட்டின் உள்அட்டையில் பொடி எழுத்திலாவது அது இருந்தது. எனக்கே ஒருமுறை பெயர் பெற்ற ஒரு நிறுவனத்தின் மறுவெளியீட்டு சிடி வந்து சேர்ந்தது. அட்டையில் பாடகரின் படம் அழகாக இருந்தது, பக்கவாத்தியத்தைப் பற்றி மூச்சில்லை. கடிதம் எழுதினேன், பதில் இல்லை. இதைச் செய்ய வேண்டியவர்கள் செய்யாதபோது வாங்குகிற நாம்தான் செய்ய வேண்டும். 1990-இல் மும்பையில் தொடங்கிய இந்திய இசைத்தட்டு சேகரிப்பாளர் சங்கம் இதற்கென்றே ஓர் இதழும் நடத்தியது. ஆஸ்திரேலியாவிலிருந்து மைக்கேல் கின்னியர் என்பவர் நம் தட்டுகளின் எண்களை எல்லாம் தேடித் தேடிப் பட்டியலிட்டார். திருவையாற்றுக்கும் கும்பகோணத்துக்கும் பக்கத்தில் இருக்கும் நாம் நம் அலமாரியில் இருப்பதையாவது எழுதி வைக்க மாட்டோமா?

அதனால் ஒரு வேண்டுகோள். மாதம் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். வாசகர்கள் அந்த மாதம் வாங்கியதைப் பற்றி நாலு வரி எழுதட்டும். விலை வேண்டாம். விலையைப் போட ஆரம்பித்தால் வியாபாரிகள்தான் முதலில் படிப்பார்கள். தட்டின் எண், பொடியாகப் பொறித்த பதிவு எண், பக்கவாத்தியம், ஓட்டிய வேகம் இவை இருந்தால் போதும். தெரியாததைத் தெரியாது என்றே போடட்டும். தெரிந்தவர் அடுத்த மாதம் எழுதுவார்.

என் பங்கை இப்போதே அனுப்புகிறேன். சென்ற மாதம் பழைய சாமான் கடையில் வாங்கியது, பாடகர் மதுரை மணி ஐயர் கச்சேரி கேசட். உள்அட்டை இல்லை. டப்பாவின் மேல் பேனாவால் "ம.ம.ஐ." என்று மட்டும் எழுதியிருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் "எப்ப வருவாரோ" இருக்கிறது, அப்புறம் மேற்கத்திய மெட்டில் அவர் பாடும் இங்கிலீஷ் நோட்டு. பக்கப்பாட்டு வேம்பு ஐயர்தான், அந்தக் குரலில் எங்களுக்குச் சந்தேகமில்லை. வயலின் லால்குடி ஜெயராமன் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். எனக்கு டி.என். கிருஷ்ணன் வில் போலக் கேட்கிறது. மிருதங்கம் யார் என்று இருவருக்குமே பிடிபடவில்லை. முதல் பக்கக் கடைசியில் தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியம் மட்டும் தனியாக வாசிக்கும் பகுதி) தொடங்கி, மூன்றாம் சுற்றில் டேப் முடிந்துவிடுகிறது. இதே கேசட் உள்அட்டையோடு எந்த வாசகரிடமாவது இருந்தால், அந்த அட்டையைப் படம் எடுத்து உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்