பெட்டியில் குறைத்த எடை

கானாடுகாத்தான்,
கார்த்திகை 14

அன்புள்ள சோமு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தாமதத்துக்கு மழைதான் காரணம். இரண்டாங்கட்டில் மூன்று இடத்தில் ஒழுகியது. ஓடு மாற்றத் தெரிந்த ஆளைப் பிடிப்பது இந்தக் காலத்தில் மாப்பிள்ளை பார்ப்பதைவிடக் கடினமாக இருக்கிறது. ஒருவழியாக நேற்று வேலை முடிந்தது. ஊருணி படி தெரியாமல் நிரம்பிக் கிடக்கிறது. நாம் குதித்த பக்கம் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். பையன்கள் வேலியில் ஏறி நின்று குதிக்கிறார்கள்.

புதுச்சேரியில் நீ காற்றுச் சிலிண்டர் கட்டிக் கடலில் மூழ்கக் கற்று ஸ்கூபா சான்றிதழ் வாங்கிய சேதியை விசாலத்திடம் வாசித்துக் காட்டினேன். “யார், ஊருணியில் மூழ்கப் போனவரை நீங்கள் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினீர்களே, அவரா?” என்று கேட்டாள். அவரேதான் என்றேன். 58 வயதில் நீ 18 மீட்டர் ஆழம் போய்விட்டு வந்திருக்கிறாய். எனக்கு உள்ளபடியே பெருமையாக இருக்கிறது.

இனி நீ கேட்ட விஷயம். தை மாதம் மகனோடு அந்தமான் போகிறாய். ‘பயணத்துக்கானது’ என்று பெயர் போட்ட இலேசான கருவிகளை ஒரு முழுத் தொகுதியாக வாங்கிவிடலாமா என்கிறாய். வாங்காதே. இந்த முறை கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கும், ஆழமும் நேரமும் காட்டும் கைக் கம்ப்யூட்டரும் மட்டும் போதும். மற்றதை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பது என் கதையைக் கேட்டால் புரியும்.

எனது முதல் அந்தமான் பயணத்தில் சென்னை விமான நிலையத்துத் தராசு 21 கிலோ காட்டியது. அனுமதி 15. கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகச் சிரித்துக்கொண்டே பணத்தை வாங்கிக்கொண்டாள். ஊர் திரும்பியதும் முதல் வேலையாக வளவில் ஊஞ்சல் சங்கிலி மாட்டும் கொக்கியில் ஒரு வில் தராசைத் தொங்கவிட்டு ஒவ்வொன்றாக நிறுத்தேன். மிதவை ஜாக்கெட், அதாவது பி.சி.டி., நாலு கிலோ. சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டர், அதன் குழாய், அளவுமானி எல்லாம் சேர்த்து மூன்று. காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னும் அதற்குள் போடும் பூட்ஸும் மூன்று. உடம்போடு ஒட்டிப் போடும் ரப்பர் உடையான வெட்சூட் இரண்டு. துணிமணி இரண்டரை. விசாலம் கட்டிக் கொடுத்த சீப்புச் சீடையும் மனகோலமும் இரண்டு. இதெல்லாம் பதினாறரைதானே, மிச்சம் எங்கே என்று தேடினால், சக்கரம் வைத்த அந்தக் கெட்டிப் பெட்டி நாலரைக் கிலோ! ரெங்கோனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறிய நம் அய்யாக்கள் இரும்பு டிரங்குப் பெட்டியோடு போனார்கள் என்றால் அதைத் தூக்கக் கூலியாள் இருந்தான். நான் அதே புத்தியில் பெட்டி வாங்கியிருக்கிறேன். இப்போது ஒன்றேகால் கிலோ கித்தான் பையில் எல்லாம் போகிறது. கருவியில் கை வைக்காமலே மூன்று கிலோவுக்கு மேல் மிச்சம். சீடையைக் குறைக்கும் பேச்சுக்கு இந்த வீட்டில் இடமில்லை.

ஜாக்கெட்டில் எடை குறைப்பது நியாயம்தான். பயண ஜாக்கெட்டுகள் இரண்டு, இரண்டரைக் கிலோவில் கிடைக்கின்றன. முதுகில் கெட்டித் தகடு இருக்காது, பஞ்சணை குறைவு, சுருட்டினால் தலையணை அளவு. இதில் கடைக்காரர் சொல்லாத ஒரு லாபமும் உண்டு. தடித்த பஞ்சணை நீருக்குள் மிதக்கும். அதை அமிழ்த்தக் கூடுதல் ஈயம் கட்ட வேண்டும். அந்த ஈயம் மெல்லிய ஜாக்கெட்டுக்குத் தேவையில்லை. ஆனால் எஃகுத் தகடு வைத்த ஜாக்கெட்டை விட்டுவிட்டு அலுமினியத் தகட்டுக்கு மாறுகிறவன், பெட்டியில் குறைத்த எடையை இடுப்பில் ஈயமாக ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் நஷ்டமில்லை. ஈயம் போகிற இடத்திலேயே கிடைக்கும். அதை யாரும் விமானத்தில் கொண்டுபோவதில்லை.

ஈயம் கட்டும்போது ஒன்றை மறக்காதே. அங்கே பெரும்பாலும் 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டர்தான் தருவார்கள். 200 பார் அழுத்தத்தில் அதற்குள் அடைத்த காற்று மட்டும் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. நீ மூச்சுவிட்டு அதைத் தீர்க்கத் தீர்க்கச் சிலிண்டர் இலேசாகி, கடைசியில் உன்னை மேலே தூக்கப் பார்க்கும். மேலே வரும் வழியில், பாதுகாப்புக்காக ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டிய நேரத்தில்தான் அது தெரியவரும். இறங்கும்போது சரியாக இருக்கிறது என்று ஏமாந்துபோகாதே.

ரெகுலேட்டரில்தான் ஆசை ஆளைக் கெடுக்கும். சிலிண்டரில் மாட்டி அழுத்தத்தைக் குறைக்கும் பகுதியை முதல் நிலை என்பார்கள். மிக இலேசான முதல் நிலைகளில் சில எளிய பிஸ்டன் அமைப்புக் கொண்டவை. உனது 18 மீட்டருக்கு அவை போதும். ஆழம் கூடி, சிலிண்டரில் அழுத்தமும் குறையும்போது மூச்சை இழுக்கச் சற்றே சிரமப்படுத்தும். டைட்டானியத்தில் செய்தவை இறகு போல இருக்கும், விலை யானை போல இருக்கும். சிலிண்டரோடு பிணைக்கும் முறையிலும் இரண்டு வகை உண்டு: மேலே கவ்விப் பிடிக்கும் யோக், உள்ளே திருகிப் போகும் டின் (DIN). டின் கொஞ்சம் இலேசு. ஆனால் நம் பக்கத்துச் சிலிண்டர்களில் பரவலாக இருப்பது யோக்குக்கான வால்வு. அடாப்டரும் சேர்த்துத் தூக்கினால் மிச்சம் பிடித்த எடை போன இடம் தெரியாது. ஆகவே அங்கே என்ன வால்வு என்று முன்பே கேட்டுக்கொள்.

எடை குறைக்கிறேன் பேர்வழி என்று இரண்டாவது வாயை, அதுதான் மஞ்சள் குழாயோடு தொங்கும் ஆக்டோபஸை, கழற்றிவிடும் புத்திசாலிகளையும் பார்த்திருக்கிறேன். அது உனக்கானது அல்ல, காற்றுத் தீர்ந்துபோனால் கூட வருகிறவனுக்கானது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் காலைக் கல்லில் கோத்துக்கொண்டு இறங்கினார்கள். அடியைத் தொட்டதும் கல்லை மேலே இழுத்துக்கொள்வார்கள். சிப்பி பொறுக்கியவன் இடுப்புக் கயிற்றை அசைத்தால் படகிலிருப்பவன் அவனைத் தூக்க வேண்டும். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்வது வழக்கம். தங்கை தாலிக்காகவாவது விட மாட்டான் அல்லவா? ஒரு கல், ஒரு கயிறு, ஒரு வலைப்பை. அதைவிட இலேசான கருவி உலகத்தில் கிடையாது. கயிறு பிடிக்கிறவனை மட்டும் அவர்கள் குறைக்கவில்லை. உன் மகன் கூட வருகிறான். அவனுக்காக அந்த அரைக்கிலோவைச் சும.

ஃபின் விஷயத்தில் நான் பட்டதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. இரண்டாவது பயணத்துக்கு, கைப்பையில் அடங்குகிறதே என்று முழங்கை நீளம்கூட இல்லாத குட்டை ஜோடி ஒன்று வாங்கினேன். ஸ்வராஜ் தீவில், அந்த நாள் ஹேவ்லாக்கில், ஒரு பாறை முனையைச் சுற்றும்போது நீரோட்டம் எதிராகத் திரும்பியது. மற்றவர்கள் இரண்டு உதையில் கடந்ததை நான் இருபது உதை உதைத்தும் கடக்கவில்லை. எனக்கு நேர் எதிரே ஒரு கிளிமீன் பவளத்தைக் கொறித்துக்கொண்டிருந்தது. அந்தக் கறுமுறுச் சத்தம் காதில் நன்றாகவே கேட்கிறது; நான் அதே மீனை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால், அது என்னைத் தன் வீட்டு விருந்தாளி என்று நினைத்திருக்கும். கடைசியில் வழிகாட்டிப் பையன் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனான். உனக்கு ஊருணியில் நடந்தது எனக்குக் கடலில் நடந்தது, கணக்கு நேர். வெந்நீர் போன்ற அந்தக் கடலுக்குப் பூட்ஸ் தேவையில்லாத, பாதத்தை முழுக்க மூடும் சாதாரண நீள ஃபின் போதும். அதிலேயே ஒரு கிலோவுக்குக் குறையாமல் மிச்சமாகும். பைக்குள் மூலைவாட்டமாக வைத்தால் அடங்கும்.

மாஸ்க்கை மட்டும் காசு பார்க்காமல் வாங்கு. வாடகை மாஸ்க் யார் முகத்துக்கோ செய்தது. பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் இலேசாக உறிஞ்சிப் பார். கையை எடுத்த பிறகும் விழாமல் நின்றால் அது உன்னுடையது. மீசையைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ள வேண்டிவரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். உன் கண்ணாடியின் பவருக்கு ஏற்ற லென்ஸ் போட்ட மாஸ்க்கே கிடைக்கிறது. புதுக் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் போல ஒன்று இருக்கும். உள்பக்கம் பற்பசையைத் தடவி நாலைந்து முறை தேய்த்துக் கழுவாவிட்டால் பனி மூடிக்கொண்டே இருக்கும்.

மாஸ்க், ரெகுலேட்டர், கம்ப்யூட்டர் மூன்றும் கைப்பையில். டார்ச்சின் லித்தியம் பேட்டரியும் கைப்பையில்தான் போக வேண்டும். கத்தி பெரிய பையில். நீரின் மேல் ஊதிக் காட்டும் அந்த நீளமான ஆரஞ்சுப் பலூனையும் விட்டுவிடாதே. எடை ஒன்றுமில்லை, படகுக்காரனுக்கு உன் தலை தெரியாவிட்டாலும் அது தெரியும்.

திரும்பி வரும்போது பை கூடுதல் கனமாக இருக்கும் என்பது எனக்கு மதுரையில் இறங்கிய பிறகுதான் உறைத்தது. ஈர வெட்சூட்டில் ஒரு கிலோவுக்கு மேல் தண்ணீர். ஜாக்கெட்டின் காற்றுப்பைக்குள் தேங்கியது தனி. நாள் கணக்கில் டைவ் செய்தவர்கள் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும் என்பது உனக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்த ஒரு நாளை உலர்த்துவதற்கு வைத்துக்கொள். ஜாக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்து, குழாய்ப் பொத்தானை அழுத்தி, தண்ணீர் சொட்டுவது நிற்கும் வரை வடித்துவிட்டு நிழலில் தொங்கவிடு.

பழனிக்குக் காவடியோடு நடந்த வருடம் உனக்கு நினைவிருக்கிறதா? இரண்டாம் நாளே நீ பையிலிருந்து டிரான்சிஸ்டரை எடுத்து ஒரு டீக்கடைக்காரரிடம் ஒப்படைத்தாய். அவர் அதைத் திருப்பித் தந்தாரா என்று கேட்க வேண்டும் என்றே இருக்கிறேன்.

வாங்குவதாகவே முடிவு செய்தால் மார்கழியில் ஒருமுறை இங்கே வா. கொக்கியில் தராசு இன்னும் தொங்குகிறது. ஜாக்கெட் வாங்க அவசரப்படாதே. என்னுடைய பயண ஜாக்கெட் சும்மாதான் கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போ. அளவு நடுத்தரம். உன் மார்புச் சுற்றளவை அளந்து அடுத்த கடிதத்தில் எழுது. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு அளக்காதே.

அன்புடன்,
வயிரவன்