ஆற்றங்கரை சும்மா கிடக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆற்றங்கரைப் பூங்கா திறப்பு பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் 'புதர் மண்டி, யாருக்கும் பயனில்லாமல் கிடந்த கரை' என்ற வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. பல வருடங்களாக நான் தினமும் நடந்த கரை அது. யாருக்கும் பயனில்லை என்று உங்கள் நிருபரிடம் யார் சொன்னார்கள்?

அங்கே இருந்தது நாணலும் கோரையும். வெள்ளம் வந்தால் அதன் வேகத்தைத் தணிப்பதும், கரை மண்ணைப் பிடித்து நிறுத்துவதும் அவைதான். நீர்க்கோழி அதற்குள் கூடு கட்டும், மீன்குஞ்சுகள் ஒதுங்கும். செங்குத்தாக நின்ற மண்கரையில் மீன்கொத்தி வளை தோண்டிக் குஞ்சு பொரித்ததை நானே பார்த்திருக்கிறேன். வளையின் வாயிலிருந்து எச்சம் வழிந்து வெள்ளைக் கோடாக இறங்கியிருக்கும். உள்ளே குஞ்சு இருக்கிறது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். அந்த இடம் முழுக்க இப்போது கருங்கல் பதித்து சிமென்ட் பூசிவிட்டார்கள். கல்லில் அந்தப் பறவை எங்கே போய்த் தோண்டும்?

மனிதர்களுக்காவது நல்லது நடந்ததா? தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்களைக் காவலாளி விரட்டுகிறார். பிள்ளைகள் தண்ணீர் அருகே போக முடியாதபடி கம்பி வேலி. இரவு முழுக்க ஆற்றைப் பார்த்து விளக்குகள் எரிகின்றன, பூங்காவையோ எட்டு மணிக்கே பூட்டிவிடுகிறார்கள். யாருக்காக அந்த வெளிச்சம்?

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கும் போயிருந்தேன். நாங்கள் உள்ளே நுழையும்போதே வரைபடம் அச்சாகி மேசையில் இருந்தது. நடைபாதையை ஆற்றுக்குள் நீட்டினால் ஆற்றின் அகலம் குறையுமே, மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டேன். குறித்துக்கொள்கிறோம் என்றார்கள். ஆனால் அங்கே பதிவானது வருகைப் பதிவேட்டில் நான் போட்ட கையெழுத்து மட்டும்தான். அடுத்த பெருமழையில் நடைபாதையே முங்கியது. அப்போது உங்கள் பத்திரிகையும் மழையைத்தான் குறை சொன்னது.

இதையெல்லாம் விடப் பெரியது சாக்கடை. பாலத்துக்குக் கீழே இருக்கும் குழாய் இன்றைக்கும் ஆற்றில்தான் கொட்டுகிறது. கழிவை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. இரவில் பாசியும் செடிகளும் ஆக்சிஜன் தருவதில்லை, அதனால் விடியும் நேரத்தில்தான் நிலைமை படுமோசம். அந்த நேரத்தில் போய்ப் பாருங்கள், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது தெரியும். திறப்பு விழாவை மாலையில் வைத்தார்கள்.

நான் பூங்காவுக்கு எதிரி இல்லை, ஐயா. சிங்கப்பூர் பற்றி நீங்கள் அறியாததில்லை. நிலத்துக்கு அத்தனை நெருக்கடி உள்ள ஊரிலேயே, பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் காலாங் ஆற்றின் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றினார்கள். 2012-ல் வேலை முடிந்தது. கரையைச் செடிகளும் வேர்களும் கற்களும் சேர்ந்து பிடித்துக்கொள்கின்றன. மழை இல்லாதபோது மக்கள் ஓடை வரைக்கும் இறங்கிப் போகலாம். பெருமழை வந்தால் அதே புல்வெளியில் ஆறு பரந்து ஓடும், எச்சரிக்கை மணி கேட்டு மக்கள் மேலே ஏறிவிடுவார்கள். நீர்நாய்கள்கூட அங்கே வந்துவிட்டன. ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஈசார் ஆற்றையும் 2000 முதல் 2011 வரை எட்டு கிலோமீட்டருக்கு இப்படித்தான் மீட்டார்கள். படுகையை அகலப்படுத்திக் கரையைத் தாழ்வாக்கினார்கள், கூழாங்கல் திட்டுகள் உருவாக இடம் விட்டார்கள். மேலே உள்ள ஊர்களின் சுத்திகரிப்பு நிலையங்களில் புற ஊதாக் கதிரால் கிருமிநீக்கம் செய்ய ஏற்பாடு செய்தார்கள். கோடையில் மக்கள் அந்த ஆற்றிலேயே இறங்கிக் குளிக்கிறார்கள். இரண்டு இடத்திலும் முதலில் ஆற்றுக்கு இடம் கொடுத்தார்கள். இங்கே ஆற்றிடமிருந்து இடத்தைப் பிடுங்கிவிட்டு, அதற்கு மறுசீரமைப்பு என்று பெயர் வைக்கிறோம். நீங்களும் அதை அப்படியே அச்சிடுகிறீர்கள். நெடுநாள் வாசகி என்ற உரிமையில் சொல்கிறேன், மனசு வலிக்கிறது.

'பயனில்லாமல் கிடந்த கரை' என்ற அந்த வரிக்கு மறுப்பு போடச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை. இரண்டாம் கட்டப் பணி எதிர்க்கரையில் தொடங்கப்போவதாக உங்கள் கட்டுரையிலேயே இருக்கிறது. அதற்கு முன்பிருந்தே ஆற்றுநீரின் ஆக்சிஜன் அளவையும் சாக்கடை கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் கோலிஃபார்ம் கிருமி அளவையும் கேட்டு வாங்கி, மாதம் ஒரு முறை வானிலைப் பெட்டிக்குக் கீழே இரண்டு வரியில் வெளியிடுங்கள். பாலத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு இடத்து அளவுகளும் வேண்டும்.

இப்படிக்கு,
ஆற்றங்கரையில் குடியிருக்கும் வாசகி