வேதவாசிப்புச் சங்கம்: செயலரின் ஆண்டறிக்கை

சேகர குருவானவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. வேதாகம ஞாயிறு, மனப்பாட வசனப் போட்டி, விடுமுறை வேதாகமப் பள்ளி ஆகியவை வழக்கம்போல் நடந்தேறின. அசனத்தன்று (சபை விருந்து) தண்ணீர் விளம்பும் பொறுப்பைச் சங்கம் பார்த்துக்கொண்டது.

சென்ற பொதுக்குழுவில், ஆராதனையில் நாம் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பை (பவர் ஐயர் குழுவினருடையது) விட்டு 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தை வாசிக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். அது கத்தோலிக்கர் வேதம் என்று வேறு சிலர் ஒரே வார்த்தையில் தள்ளியதும் சரியல்ல. சீர்திருத்தச் சபை அறிஞர்களும் சேர்ந்து உழைத்த பதிப்பு அது. எனவே இரண்டையும் அருகருகே வைத்து வாசித்துப் பார்த்தோம்.

பவுலின் நிருபங்களில் புதியது காதில் விழுந்ததும் புரிகிறது. மறுப்பதற்கில்லை. சிக்கல் எல்லாரும் சேர்ந்து வாசிக்கும் இடத்தில்தான். சங்கீதத்தை மாறிமாறி வாசிக்கையில் பாதிப்பேர் கையில் ஒன்று, மீதிப்பேர் கைபேசியில் இன்னொன்று என்றால் அடிகள் ஒன்றோடொன்று மோதி வெறும் இரைச்சலாகிவிடுகிறது. சங்கீதம் அங்கே திருப்பாடல்கள், நாளாகமம் குறிப்பேடு. பக்கத்தைத் தேடி எடுப்பதற்குள் முதலாம் பாடம், அதாவது முதல் வேதப்பகுதி, முடிந்துவிடும். அப்போஸ்தலர் 8:37 போன்ற வசனங்கள் புதிய பதிப்புகள் பலவற்றில் அடிக்குறிப்புக்குப் போய்விட்டதால், எண் சொல்லி வாசிப்பவர் அங்கே தடுமாறுகிறார்.

பழகிய மொழிபெயர்ப்பை விடாத வழக்கம் இன்று வந்ததல்ல. பவர் ஐயர் குழுவினரின் மொழிபெயர்ப்பு 1871-இல் முழு வேதாகமமாக வந்த பிறகும் லுத்தரன் சபைகள் அதற்கும் முந்தைய, லுத்தரன் மிஷனரி பப்ரிசியஸின் மொழிபெயர்ப்பை விடவில்லை. 1936-இன் திருத்திய பதிப்பாலும் பவரின் மொழிபெயர்ப்பைப் பிரசங்க பீடத்திலிருந்து இறக்க முடியவில்லை. கீர்த்தனை, ஞானஸ்நான முறைமை, கல்லறைக் கல் எல்லாமே பழைய நடையில் இருக்க, பாடம் மட்டும் வேறு நடையில் ஒட்டாது. ஆகவே ஆராதனைக்குப் பழையது, வேத ஆராய்ச்சிக்குப் புதியதும் சேர்த்து என்று முடிவாயிற்று.

ஆனால் பழையதை முன்னேற்பாடில்லாமல் வாசித்தால் கெடும். அதில் மேற்கோள் குறி கிடையாது. பேச்சு முக்காற்புள்ளிக்குப் பின் தொடங்கி "என்றார்" என்பதற்கு முன் முடிகிறது. அந்த இரண்டு இடத்திலும் குரல் மாறவேண்டும். லூக்கா 15:18-இல் பேச்சுக்குள் பேச்சு வருகிறது; அங்கே நிறுத்தாமல் ஓடினால் யார் யாரிடம் சொல்வது என்றே தெரியாது. ரோமர் முதல் அதிகாரத் தொடக்கத்தில் வசன எண்ணைக் கண்டு நிறுத்தக்கூடாது. வாக்கியம் ஏழாம் வசனம்வரை போகிறது. புதன்கிழமைக்குள் பாடத்தை வாங்கி, நிறுத்துமிடங்களைப் பென்சிலால் குறித்து, மூன்றுமுறை உரக்க வாசித்துவிட்டு வரவேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சை இளைஞர்களுக்குக் கொடுக்கவேண்டாம். பழைய லை, னை வடிவங்களில் நின்றுவிடுகிறார்கள்.

இத்தனையும் சனிக்கிழமைப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கப்பட்டது. மாற்றம் வேண்டும் என்று உரத்துப் பேசியவர்களில் ஒருவரும் ஒப்பிட்டு வாசித்த கூட்டங்களுக்கு வரவில்லை. சந்தா நிலுவைப் பட்டியலில் மட்டும் அவர்கள் பெயர் தவறாமல் இருக்கிறது. வாசிப்பு அட்டவணையில் பெயர் கொடுத்துவிட்டு ஞாயிறு காலை "தொண்டை கட்டிவிட்டது" என்பவர்களுக்காக மாற்று வாசகர் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது.

வரவு செலவு ஏறக்குறைய சரியாக நிற்கிறது. விவரம் பொருளாளரிடம் உள்ளது. குருவானவருக்கும், சபை ஊழியருக்கும், ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்ட தம்பிமாருக்கும், தேநீர் தந்த பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பெஞ்சுக்கு இரண்டாக, பெரிய எழுத்தில், ஒரே அச்சுப் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமங்கள் வைக்க எண்ணம். பக்க எண் ஒன்றானால் தேடும் நேரம் மிச்சம். நிலுவைச் சந்தா வந்தாலே பாதித் தொகை சேர்ந்துவிடும். மீதிக்கு, பெற்றோர் நினைவாக ஒரு வேதாகமம் தர விரும்புவோர் பெயர் எழுத வெஸ்ட்ரியில் (ஆலயத்தில் குருவானவர் அறை) நோட்டு வைத்திருக்கிறோம். முதல் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலர்